திலகவதியின் இடது கன்னம்

ஆடிக்காற்று பாளையங்கோட்டைத் தெருக்களில் புழுதியை அள்ளி எறிந்துகொண்டிருந்த ஒரு நாளில், திலகவதியின் கீழ்த்தாடையில் இடதுபுறம் மாட்டெலும்புத் தூளை வைத்துத் தைத்தார்கள். தையல் பிரிக்கும் நாள் வருமுன்பே, கன்றைப் பறிகொடுத்த பசுக்கள் அவளைத் தேடி வர ஆரம்பித்துவிட்டன.

அதுவரை அவளைத் தேடி யாரும் வந்ததில்லை. சிலிண்டர் போடுகிறவர் வருவார், கரண்ட் கணக்கெடுக்க வருவார்கள், விடிந்ததும் பால்காரப் பேச்சியம்மாள் கேட்டுக்கு வெளியே நின்றபடி பாத்திரத்தில் பாலை ஊற்றிவிட்டு நடையைக் கட்டுவாள். இவற்றையெல்லாம் வருகை என்று சொல்ல முடியாது. திலகவதி விதைப் பரிசோதனைக் கூடத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவள். ஈரத்தாளில் நெல்லையும் உளுந்தையும் வரிசையாக அடுக்கிச் சுருட்டி வைத்து, முளைத்தது எத்தனை, முளைக்காதது எத்தனை என்று பார்த்துச் சொல்லிக்கொண்டே தலை நரைத்தவள். கல்யாணம் ஆகவில்லை. அதற்குப் பெரிய கதை எதுவும் கிடையாது. படுத்துவிட்ட அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஒருத்தி வேண்டியிருந்தது, அந்த ஒருத்தியாக அவள் இருந்தாள். "ஏட்டி, எங்க போய்த் தொலைஞ்ச?" என்று உள்ளறையிலிருந்து அம்மா கூப்பிடுவாள். அம்மா போனபிறகு அவளை "ஏட்டி" என்று கூப்பிட உலகத்தில் ஒருவரும் மிச்சமில்லை. எல்லாரும் "வாங்க, இருங்க" என்றார்கள். மரியாதைக்குக் குறைவில்லை. அந்த மரியாதையோடு அவள் வீட்டுக்கு வந்து, கதவைத் தாழிட்டு, வலதுபக்கப் பற்களால் மட்டும் மென்று சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொள்வாள்.

இடதுபக்கக் கடைவாய்ப் பற்கள் அம்மா படுக்கையில் கிடந்த காலத்திலேயே போய்விட்டிருந்தன. பல் டாக்டர் ஜெபசீலி எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"எலும்பு கரைஞ்சு போச்சும்மா. பல்லு இருக்கிற வரைக்கும்தான் தாடை எலும்புக்கு வேலை. மெல்லுறப்போ மேல ஒரு அழுத்தம் விழும்லா, அது விழலன்னா, நம்மள யாரும் தேடலன்னு அதுவா கரைஞ்சிரும். இதுல திருகு வச்சுப் பல்லு கட்டினா நிக்காது. முதல்ல எலும்பு வைக்கணும்."

"எலும்புக்கு எங்க போறது?"

"உங்க எலும்பையே எடுக்கலாம், ஆனா நாடியிலயோ இடுப்புலயோ வெட்டணும். செத்தவங்க குடுத்துட்டுப் போன எலும்பு இருக்கு. பவளப்பாறையில செஞ்சது இருக்கு, ஃபேக்டரியில செஞ்சது இருக்கு. உங்களுக்கு மாட்டெலும்புதான் நல்லாச் சேரும்னு தோணுது." டாக்டர் அவள் நெற்றியைப் பார்த்தாள். "நீங்க சைவம். அதான் கேட்டுக்கிடுதேன்."

சுண்டுவிரல் உயரக் கண்ணாடிக் குப்பியில், உடைத்த கற்கண்டு மாதிரி வெள்ளைத் துகள்கள். எங்கோ குளிர்தேசத்தில் மேய்ந்த மாடு. சதையும் கொழுப்பும் ரத்தமும் வாசனையும் நெருப்பில் போய், வெறும் வெண்மை மட்டும் எஞ்சியிருக்கிறது என்றாள் டாக்டர். திலகவதி தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். காலையில் பூசிய திருநீறு விரலில் ஒட்டியது.

"சாணியைச் சுட்டு நெத்தியில பூசுதேன். எலும்பைச் சுட்டு வாயில வச்சா என்ன? வைங்க."

ஈறைக் கீறித் திறந்து, அவளுடைய ரத்தத்தையே கொஞ்சம் எடுத்து அந்தத் துகள்களை நனைத்து, நனைந்த சீனியைப்போல அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதும் பள்ளத்தில் வைத்து அமர்த்தி, மேலே மெல்லிய சவ்வொன்றைப் போர்த்தித் தைத்தாள் டாக்டர். தை பிறக்கும் வரை காத்திருக்க வேண்டும் என்றாள். ஊன்றிவிட்டுக் காத்திருப்பது திலகவதிக்குப் பழக்கமான வேலைதான்.

தெருக்கோடியில் தொழுவம் வைத்திருந்த பேச்சியம்மாளின் சிவப்பி என்ற பசு அந்த வாரம் கன்றைப் பறிகொடுத்திருந்தது. கன்று செத்தால் பசு பாலை அடக்கிக்கொள்ளும், மடி கல்லாகும், தொட்டால் உதைக்கும். அதனால் செத்த கன்றின் தோலை உரித்து, வைக்கோல் திணித்துத் தைத்து, மேலே உப்புத்தண்ணீர் தடவிப் பசுவின் முன்னால் நிறுத்துவார்கள். உப்புக்காக நக்க ஆரம்பிக்கும் பசு, நக்க நக்கத் தன் கன்றுதான் என்று நம்பிப் பாலை இறக்கும். பேச்சியம்மாளின் தொழுவத்து உத்தரத்தில் பழைய வைக்கோல் கன்று ஒன்று எப்போதும் தொங்கிக்கொண்டிருக்கும். அதை இறக்கி நிறுத்தினாள். சிவப்பி அதை ஒருமுறை முகர்ந்தது, பிறகு முட்டித் தள்ளியது, கயிற்றை அறுத்துக்கொண்டு தெருவில் ஓடி திலகவதியின் வீட்டுக் கேட்டுக்கு முன்னால் வந்து நின்றது.

வெளியே மூச்சுச் சத்தம் கேட்டு வந்த திலகவதி, என்னவென்று பார்க்கக் கேட்டுக்கு மேலாகக் குனிந்தாள். சிவப்பி கழுத்தை நீட்டி, வீங்கியிருந்த அவளுடைய இடது கன்னத்தை, மோவாயிலிருந்து காதுவரை, ஒரே இழுப்பாக நக்கியது. அப்புறம் இன்னொரு தடவை. நாக்கு உப்புத்தாளைப்போலச் சொரசொரத்தது, சூடாக இருந்தது, அவசரமே இல்லாமல் இருந்தது. துரத்திக்கொண்டு வந்த பேச்சியம்மாள் மடியிலிருந்து பால் சொட்டித் தெருப்புழுதியில் குழிவிழுவதைக் கண்டு அலறினாள்.

"அக்கா! அசையாதிய! அப்படியே நில்லுங்க! அந்த வாளிய இங்ஙன எடுங்க!"

"அசையாம எப்படி வாளிய எடுக்க?"

"அப்ப வேண்டாம், அசையாதிய!"

பேச்சியம்மாள் செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்றும் வாளியைத் தானே தாவி எடுத்து, முந்தானையால் துடைத்து, நடுத்தெருவில் குத்தவைத்துக் கறந்தாள். வாளி நிறைந்தது. அவள் நிமிர்ந்து பார்த்துக் கேட்டது ஒரே கேள்விதான்: "நாளைக்குத் தொழுவத்துக்கு வருவியளா?"

ஊர் அதிசயப்படவில்லை. டீக்கடைக்காரர் டீ கெட்டியாக இருக்கிறது என்றார். கோயில் குருக்கள் கொஞ்சநேரம் கண்ணை மூடி யோசித்துவிட்டு, தானாக இறங்கின பால், அபிஷேகத்துக்கு ஆகும் என்று சொல்லிவிட்டார். டாக்டர் ஜெபசீலி தையலைப் பிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டு, மாடு நக்கினால் புண்ணில் சீழ் வைக்கும், நக்கிய கையோடு டெட்டால் போட்டுக் கழுவ வேண்டும், வாயைத் திறக்கவே கூடாது என்று கண்டித்தாள். சேதி ஆற்றைத் தாண்டியும் ரயில்பாதையைத் தாண்டியும் போயிற்று. கன்று செத்த வீட்டுக்காரர்கள் விடியுமுன்னே ஆட்டோவோடு வந்து நின்றார்கள். மேலப்பாளையத்திலிருந்து சாகுல் அமீது பாய் வந்தார், மகாராஜநகரிலிருந்து வந்தார்கள், ஆற்றங்கரைத் தொழுவங்களிலிருந்து வந்தார்கள்; இன்றைக்கு யார் முறை என்று கேட்டுக்கு முன்னால் சண்டை நடந்தது; முதல் முறை எப்போதும் தன்னுடையது என்று பேச்சியம்மாள் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"எங்க மாடுதான முதல்ல கண்டுபிடிச்சுது? வே பாய், பிந்தி வந்துட்டு முந்திப் போகப் பாக்கீரு!"

"பேச்சி, அக்கா என்ன உன் வீட்டுச் சொத்தா?"

"பின்ன உம்ம வீட்டுச் சொத்தா?"

பாய் அதோடு விடவில்லை. ஜெபசீலியிடமே போய், "எங்க மருமகன் வீட்ல சும்மாதான் இருக்கான் டாக்டரம்மா, அவன் தாடையில அந்தச் சாமானக் கொஞ்சம் வச்சிவிடுங்க, புண்ணியமாப் போவும்" என்று கேட்டார். மருமகனுக்கு முப்பத்திரண்டு பல்லும் கெட்டியாக இருந்ததால் அந்த யோசனை நின்றுபோயிற்று.

இப்படியாக ஆவணியும் புரட்டாசியும் போயின. திலகவதி அலாரம் இல்லாமல் எழுந்தாள். தொழுவம் தொழுவமாகப் போய், போட்ட முக்காலியில் உட்கார்ந்து, இடது கன்னத்தைக் காட்டினாள். கன்னத்துப் பூனைமுடி உதிர்ந்தது, தோல் சிவந்தது, தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டாள். எத்தனை தொழுவம் போனாலும் அவள் மனசு சிவப்பியின் முறைக்குத்தான் காத்திருந்தது. பசுவுக்கு அவளுடைய வயசு தெரியாது, நரை தெரியாது, பென்ஷன் தெரியாது. அது அவளிடம் எதையும் கேட்காமல், எங்கே போய்த் தொலைந்தாய் என்பதுபோலப் பெருமூச்சு விட்டு, அழுக்குப் பிள்ளையைத் துடைக்கிற மாதிரி அழுத்தித் துடைத்தது. கண்ணை மூடி அதற்குக் கன்னத்தைக் கொடுத்துக்கொண்டிருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில், அவள் மறுபடியும் ஒருத்தியின் பிள்ளையாக இருந்தாள்.

ஐப்பசி மழை நாளொன்றில் சிவப்பியின் முன்னால் உட்கார்ந்திருந்தவள் தற்செயலாக அண்ணாந்து பார்த்தாள். உத்தரத்தில் வைக்கோல் கன்று தொங்கியது. எத்தனையோ பசுக்கள் எத்தனையோ வருஷம் நக்கி, அதன் ஒருபக்க முகத்தில் மயிரே இல்லாமல், வழுவழுவென்று, எண்ணெய் தடவினதுபோல மினுங்கியது. அதே பக்கம். இடதுபக்கம். அவளுக்குப் பின்னால் பேச்சியம்மாளும் பால் வாங்க வந்தவர்களும் அவள் தலைக்கு மேலாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்: பருத்திக்கொட்டை விலை, யாரோ வீட்டு நிச்சயதார்த்தம். ஒரு வார்த்தையும் அவளை நோக்கி வரவில்லை. தன்னைக் கொண்டுவந்து வைக்கிறார்கள், வேலை முடிந்ததும் கொண்டுபோய் விடுகிறார்கள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. உத்தரத்தில் மாட்டாததுதான் பாக்கி. இருந்தாலும் அவள் எழுந்திருக்கவில்லை. மழை ஓட்டில் விழுந்துகொண்டிருந்தது, சிவப்பி நக்கிக்கொண்டிருந்தது. இதையும் விட்டால் என்ன இருக்கிறது?

கார்த்திகையில் ஜெபசீலி புதிதாக எக்ஸ்ரே எடுத்துக் காட்டினாள். முதலில் எடுத்ததில் தனித்தனிப் புள்ளியாகத் தெரிந்த துகள்கள் இப்போது மங்கி, ஒன்றில் ஒன்று கரைந்து, பனிமூட்டம்போல இருந்தன.

"பாத்தியளா, எவ்வளவு அழகாச் சேந்துட்டு! மாட்டெலும்பு சாரம் கட்டுற மாதிரிம்மா. அது மேல ஏறி உங்க எலும்பு வளருது. கட்டடம் எழும்பிட்டா சாரத்தப் பிரிச்சிருவோம்லா, அது மாதிரி அது கொஞ்சங்கொஞ்சமாக் கரைஞ்சு போயிரும். தை வாக்குல பாத்தா, முழுக்க உங்க எலும்புதான் இருக்கும்."

திலகவதி அந்தப் பனிமூட்டத்தை விரலால் தொட்டாள்.

"வலதுபக்கமும் வைங்க."

"எத?"

"அதே எலும்ப."

டாக்டர் சிரித்தாள். "அந்தப் பக்கம்தான் பல்லெல்லாம் நல்லா இருக்கேம்மா?"

"பிடுங்கிருங்க."

ஜெபசீலியின் சிரிப்பு பாதியில் நின்றது. கையுறையைக் கழற்றினாள், குப்பையில் போட்டாள், நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். "வீட்ல யாரு இருக்கா?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்விக்குத் திலகவதி பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

டாக்டர் சொன்னபடியே மாட்டெலும்பு கரைந்துகொண்டு வந்தது. முதலில் மகாராஜநகர்ப் பசு முகத்தைத் திருப்பிக்கொண்டது. பிறகு ஆற்றங்கரைப் பசுக்கள். பாயின் பசு அவளை முகர்ந்துவிட்டு, யாரோ விருந்தாளி என்பதுபோல ஒதுங்கி நின்று வழிவிட்டது. வந்தபோது அதிசயப்படாத ஊர், போனபோதும் அதிசயப்படவில்லை. "அக்காளுக்கு எலும்பு ஊறிட்டு" என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டார்கள். தெருவில் பார்த்தவர்கள் நிறுத்தி வாழ்த்தினார்கள். ஆட்டோக்கள் நின்றன. எறிந்துவிட்ட வைக்கோல் கன்றுகளைத் தேடி எடுத்து, தூசி தட்டி, பிரிந்த தையலைப் போட்டுக்கொண்டார்கள்.

சிவப்பி மட்டும் நக்கிக்கொண்டிருந்தது, அதுவும் குறைந்தது. மூன்றுதரம் நக்கினால் நான்காவது தரம் நிறுத்தி யோசித்தது. மார்கழியில், வாசல்களில் கோலம் போட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில், திலகவதி அடுக்களையில் நின்று ஒரு கிண்ணத்தில் கல்லுப்பைக் கரைத்தாள். விரலால் தொட்டு இடது கன்னத்தில் தடவினாள். காய்ந்ததும் இன்னொரு பூச்சு தடவினாள். கண்ணாடியைப் பார்க்கவில்லை.

அன்றைக்குச் சிவப்பி ஆசையாக நக்கியது. பேச்சியம்மாள் கறந்துகொண்டே, "பாத்தியளா, இவ மறக்கல" என்றாள். நாலைந்து நாள் இப்படிப் போயிற்று. ஒருநாள் கறந்து முடித்து எழுந்தவள், பனிவெளிச்சத்தில் திலகவதியின் கன்னத்தில் வெள்ளையாகப் பூத்திருப்பதைக் கண்டாள். திருநீறு என்று நினைத்து விரலால் தொட்டு, பழக்கதோஷத்தில் நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

வாளியைக் கீழே வைத்தாள். முந்தானையைத் தொட்டித் தண்ணீரில் நனைத்து, திலகவதியின் கன்னத்தை மெதுவாக, ஓரம் விடாமல், துடைத்துவிட்டாள். உப்புப் போனதும் சிவப்பி ஒருமுறை முகர்ந்தது. அப்புறம் தலையைத் திருப்பி வைக்கோலைத் தின்ன ஆரம்பித்தது.

"இவளுக்குச் சினை நின்னுட்டுக்கா" என்றாள் பேச்சியம்மாள், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. "இனிமே பாலும் வத்திரும். நீங்க பனியில வந்து கஷ்டப்பட வேண்டாம்."

திலகவதி "சரி" என்றாள். வீட்டுக்கு நடந்து வந்து, கதவைத் தாழிட்டு, கிண்ணத்தில் மிச்சமிருந்த உப்புத்தண்ணீரை அடுக்களை அங்கணத்தில் கொட்டினாள்.

தை பிறந்தது. ஜெபசீலி புது எலும்பில் துளையிட்டுத் திருகை இறக்கினாள். இறக்கி முடித்து, ஒரு சின்னக் கம்பியால் அதன் தலையில் தட்டிப் பார்த்தாள். கெட்டிச் சுவரில் தட்டின சத்தம் கேட்டது.

"உங்க எலும்புதான்மா. சுத்தமா உங்களுது."

திலகவதியின் கண்ணோரத்தில் நீர் இறங்கிக் காதுக்குள் போயிற்று. மருந்து போதவில்லையோ என்று டாக்டர் இன்னொரு ஊசி போட்டாள்.

திருகு எலும்போடு சேர மறுபடியும் காத்திருந்து, வெயில் ஏறிய பிறகு அதன்மேல் பல் வந்து உட்கார்ந்தது. சாரம் பிரித்த புது வீடுபோல வாய் நிறைந்திருந்தது. ஜெபசீலி அவளை வாசல்வரை கொண்டுவந்து விட்டாள்.

"சும்மா வச்சிருந்தா மறுபடி கரைஞ்சிரும், பாத்துக்கிடுங்க. இந்த எலும்புக்கு வேலை குடுக்கணும். ரெண்டு பக்கமும் மெல்லணும். நல்லாப் பேசணும்."

யாரோடு என்று திலகவதி கேட்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் அவள் புடவையை மாற்றிக்கொண்டு தெருக்கோடிக்கு நடந்தாள். அவளை யாரும் கூப்பிடவில்லை, ஆட்டோ வரவில்லை, கன்னத்தில் உப்பு இல்லை. கதவில்லாத தொழுவத்துக்குள் நுழைந்து சிவப்பியின் பக்கத்தில் போய் நின்றாள். சினைமாடு வயிறு பருத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தது. அவளை அதற்குத் தெரியவில்லை. மரியாதையாகக் காதை ஒருமுறை ஆட்டிவிட்டு அசைபோடத் தொடங்கியது.

கூடையும் விளக்குமாறுமாக வந்த பேச்சியம்மாள் வாசலில் நின்றுவிட்டாள்.

"என்னக்கா? பால் வத்தி மாசமாச்சே. இனி இவ உங்கள நக்க மாட்டா."

"தெரியும்."

"பிறவு?"

திலகவதி உத்தரத்தைப் பார்த்தாள். வைக்கோல் கன்று அங்கேதான் தொங்கியது. "சும்மா வந்தேன்" என்றாள். புதுப்பல்லில் பட்டு வார்த்தை வேறுமாதிரி ஒலித்தது. அவளே ஒருகணம் நிறுத்திக் கேட்டுக்கொண்டாள். "பேசணும்னு டாக்டர் சொல்லிட்டாவ. பேசலன்னா எலும்பு கரைஞ்சிருமாம்."

"அதுக்குன்னு என் மாட்டுகிட்டயா பேசணும்? நான் பேசுத பேச்சுக்கே இவளுக்குப் பாதிக் காது செவிடு."

"இவ பதிலுக்குப் பேச மாட்டால்லா. அது ஒரு சௌகரியம்."

பேச்சியம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள். திலகவதியின் வாயிலிருந்து ஒரு வேடிக்கைப் பேச்சை அந்தத் தெருவில் முதன்முதலாகக் கேட்டவள் அவள்தான். முக்காலியைக் காலால் நகர்த்திவிட்டு வேலையைப் பார்க்கப் போனாள். திலகவதி உட்காரவில்லை. சிவப்பியின் கழுத்துத் தொங்கலை நீவிக்கொண்டு, பழைய வேலையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள்: ஈரத்தாளில் உளுந்து முளைக்கும்போது தோலை உடைத்துக்கொண்டு முதலில் வருவது வேர்தான் என்று, சில விதைகள் நாள் கடந்தும் சும்மா கிடக்கும் என்று, செத்தது என்று எழுதப்போகிற நேரத்தில் கிறுக்குப்பிடித்ததுபோல முளைக்கும் என்று. இடதுபக்கமும் வலதுபக்கமும் சேர்ந்து பேசின. பசு கேட்டதோ இல்லையோ, தொழுவத்தின் அந்தக் கோடியில் விளக்குமாற்றுச் சத்தம் நடுநடுவே நின்று நின்று கேட்டது.

பெருக்கிக்கொண்டே பின்பக்கமாக நகர்ந்து வந்த பேச்சியம்மாள் சிவப்பியின் மேலும் திலகவதியின் மேலும் ஒருசேர முட்டிக்கொண்டாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, பால் கொடுக்க வேண்டிய வீடுகள் பாக்கி இருந்தன. நிமிர்ந்துகூடப் பார்க்காமல், விளக்குமாற்றின் அடியால் மாட்டின் தொடையில் ஒன்றும் திலகவதியின் இடுப்பில் ஒன்றும் தட்டினாள்.

"ஏட்டி, ரெண்டு பேரும் சித்தத் தள்ளி நில்லுங்கட்டி. சாணி அள்ளணும்லா."

சிவப்பி தள்ளி நின்றது. அதன் கழுத்தில் வைத்த கையை எடுக்காமல், திலகவதியும் தள்ளி நின்றாள்.